ஞாயிற்றுக்கிழமை இங்கிலீஷ்

எனக்கு இங்கிலீஷ் தெரிவதற்கு முன்னாலேயே என் விரல்களுக்குத் தெரிந்துவிட்டது. கிழக்குத் தாம்பரத்தில் ஒரு மருந்துக்கடைக்கு மேல்மாடியில் டைப்ரைட்டிங் இன்ஸ்டிடியூட். அங்கே லோயர் பாஸ் பண்ணி, ஹையரும் பாஸ் பண்ணியிருந்தேன். எதிரே ஒரு இங்கிலீஷ் கடிதத்தை வைத்தால் போதும். கண் பார்க்கும், விரல் அடிக்கும், மனசு பாட்டுக்கு ஜன்னலுக்கு வெளியே ஷண்டிங் ஆகிற ரயில் பெட்டிகளோடு போய்க்கொண்டிருக்கும். ஒரு தப்பு வராது. ஆனால் அதில் என்னம்மா எழுதியிருக்கு என்று யாராவது கேட்டால் திருதிருவென்று முழிப்பேன். அங்கே படித்த தமிழ் மீடியம் பெண்கள் எல்லோரும் அப்படித்தான். சரக்கு வந்து சேர்ந்ததா, எந்த ஊர் கம்பெனிக்கு எந்த ஊர் கம்பெனி மேல் கோபம், ஒன்றும் தெரியாமல் பக்கம் பக்கமாக அடித்துத் தள்ளுவோம்.

இது எண்பதுகளின் பின்பாதியில். நாங்கள் யார்டை ஒட்டிய ரயில்வே குவார்ட்டர்ஸில் இருந்தோம். அப்பா ஷெட்டில் ஃபிட்டர். நான் ஒரே பெண். ஒரே பெண்ணுக்கு ஒரே மாமா, அதாவது அம்மாவின் தம்பி, கூடுவாஞ்சேரியில் இருந்தார். நான் பிறந்து தொட்டிலில் கிடந்தபோது, டவுசர் போட்ட அந்தப் பையனைக் கூப்பிட்டு, "இவ உனக்குத்தான்டா" என்று அம்மா சொன்னாளாம். அவ்வளவுதான், என் கல்யாணம் பேசி முடிந்துவிட்டது.

மாமாவைப் பற்றிக் குறை சொல்ல ஒன்றும் இல்லை. அதுதான் பேஜாரே. குடிகாரர், கோபக்காரர் என்றால் எதையாவது பிடித்துக்கொண்டு கத்தியிருப்பேன். எனக்குத்தான் கத்த நன்றாக வருமே! அவரோ வயல்களை வாங்கி, கல் நட்டு, மனை போட்டு விற்கிற தொழிலில் மெதுவாக மேலே வந்துகொண்டிருந்த மனுஷர். அதிகம் பேச மாட்டார். வரும்போதெல்லாம் நுங்கோ பலாச்சுளையோ கொண்டுவருவார். என்னைப் பாப்பா என்றுதான் கூப்பிடுவார். எனக்கு மூக்கு சிந்திவிட்டவர், ஸ்கூல் வரை தோளில் உட்காரவைத்துத் தூக்கிப் போனவர். அவர் பக்கத்தில் நானும் மாலை போட்டு நிற்கிற மாதிரி நினைத்துப் பார்த்தால் மனசு அங்கேயே சண்டி மாடு மாதிரி நின்றுவிடும். வேறு காரணம் கிடையாது.

இந்த ஒரு விஷயத்தை நான் யாரிடமும் சொன்னதில்லை. மூக்கு மேல் கோபம் வருகிற பெண் என்று குவார்ட்டர்ஸ் முழுக்கப் பெயர் வாங்கியிருந்தேன், தண்ணீர்க் குழாயடியில் என் குடத்தை யாரும் நகர்த்த முடியாது. ஆனால் இதைச் சொல்ல வாய் வரவில்லை. சொன்னால் அது மாமாவை வேண்டாம் என்று சொல்வது இல்லை. அம்மாவின் பிறந்த வீட்டையே வேண்டாம் என்று சொல்வது. அம்மாவுக்குப் பிறந்த வீடு என்று மிச்சம் இருந்தது அந்தத் தம்பி ஒருத்தர்தான். அதனால் வேலைக்குப் போகணும், வேலைக்குப் போகணும் என்று மட்டும் அனத்திக்கொண்டிருந்தேன்.

அப்பா ஒரு பொங்கல் அன்றைக்குச் சாப்பிட்டுவிட்டு, ஈஸி சேரில் சாய்ந்தபடி தீர்ப்புச் சொன்னார். "அடுத்த தை வரைக்கும் பாப்போம். அதுக்குள்ள வேலை கிடைச்சா கல்யாணத்தை ரெண்டு வருஷம் தள்ளிப் போடலாம். கிடைக்கலைன்னா மாசியில முகூர்த்தம் வச்சிடலாம்." அம்மா சரி என்றாள். மாமா சுவரைப் பார்த்துக்கொண்டு சரி என்றார். நானும் சரி என்றேன்.

வேலை கேட்டுப் போனால் எல்லா இடத்திலும் ஒரே கேள்விதான், இங்கிலீஷ் பேச வருமா? ஜி.எஸ்.டி. ரோட்டில் அப்போது புதுசு புதுசாக கம்பெனிகள் வந்துகொண்டிருந்தன. டைப் அடிக்கிற பெண்ணே போனும் எடுக்கணும், வருகிறவர்களை உட்காரச் சொல்லணும், வெளிநாட்டுக்காரன் வந்தால் காபியா டீயா என்று கேட்கணும். நான் விரலைக் காட்டி என்ன பிரயோஜனம்? வாய் வேண்டுமே.

பஸ் ஸ்டாண்டில் தொங்குகிற இங்கிலீஷ் புத்தகம் ஒன்றை வாங்கினேன். அதில் இருந்தவர்கள் எல்லோரும் எந்நேரமும் ஸ்டேஷனுக்கு வழி கேட்டுக்கொண்டே இருந்தார்கள். எனக்கு ஸ்டேஷன் கொல்லைப்புறத்திலேயே இருந்தது. ரேடியோவில் இங்கிலீஷ் செய்தி கேட்டேன். ஓட்டின் மேல் மழை கொட்டுகிற மாதிரி வரும், நின்றுவிடும், ஒரு சொட்டும் கையில் தங்காது. அதோடு ரேடியோக்காரர் என்னைப் பேச விட மாட்டாரே. தப்பாகப் பேசிப் பழக ஒரு ஆள் வேண்டும். அந்த ஆள் சிரிக்கக் கூடாது. அப்படி யார் இருக்கிறார்கள்?

ஒரு ஞாயிற்றுக்கிழமை மார்க்கெட்டிலிருந்து திரும்பிக்கொண்டிருந்தேன். தூங்குமூஞ்சி மரங்களுக்கு நடுவில் ஒரு பழைய சர்ச் உண்டு. நூறு தடவை தாண்டிப் போயிருப்பேன். அன்றைக்கு அதன் ஜன்னல்கள் திறந்திருந்தன. உள்ளே ஒரு கூட்டமே சேர்ந்து இங்கிலீஷ் பேசிக்கொண்டிருந்தது. நிதானமாக, ஒவ்வொரு வார்த்தையையும் முழுசாக விட்டு, எல்லோரும் ஒரே குரலில். அப்படி ஒரு இங்கிலீஷை நான் கேட்டதே இல்லை. பையில் முருங்கைக்காய் நீட்டிக்கொண்டிருக்க, மர நிழலில் அப்படியே நின்றுவிட்டேன். எவ்வளவு நேரம் நின்றேனோ தெரியாது. வீட்டில் சாம்பாருக்கு லேட்டாகி அம்மாவிடம் வாங்கிக் கட்டிக்கொண்டது மட்டும் ஞாபகம் இருக்கிறது.

எனக்கு வேண்டியது அதுதான் என்று அன்றைக்கே தெரிந்துவிட்டது. எல்லோரும் சேர்ந்து பேசும்போது நடுவில் ஒருத்தி தப்பாகப் பேசினால் யாருக்குக் கேட்கும்?

அடுத்த ஞாயிறு காலை ஸ்பெஷல் கிளாஸ் என்று சொல்லிவிட்டுக் கிளம்பினேன். நெற்றிப் பொட்டை அழிக்கவில்லை. எதற்கு அழிக்கணும்? கடைசி பெஞ்சில் ஓரமாக உட்கார்ந்தேன். கவுன் போட்ட ரயில்வே ஆன்ட்டிகள், பட்டுப்புடவை கட்டிய டீச்சர்கள், கோட்டு போட்ட ஒரு ரயில் கார்டு என்று எல்லோரும் வந்து உட்கார்ந்தார்கள். யாரும் என்னை ஏன் என்று கேட்கவில்லை. முன் பெஞ்ச் அம்மாள் ஒருத்தி திரும்பி, என் கையில் ஒரு புத்தகத்தைக் கொடுத்து, பக்கத்தைத் திறந்து விரலால் காட்டிவிட்டு மறுபடி திரும்பிக்கொண்டாள். அவள் விரல் வைத்த இடத்திலிருந்து நான் ஆரம்பித்தேன்.

எப்படிச் சொல்வேன் அந்த ஞாயிற்றுக்கிழமைகளை! நினைத்தால் இப்போதும் பாதித் தூக்கத்தில் இருப்பது போலத்தான் வருகிறது. மேலே நீளக் கம்பியில் தொங்குகிற ஃபேன்கள் க்ரீச் க்ரீச் என்று சுற்றும். கலர்க் கண்ணாடி வழியாக வருகிற வெயில் முதலில் சுவரில் இருக்கும், பிரசங்கம் முடிவதற்குள் என் மடிக்கு வந்துவிடும், நீலமும் சிவப்புமாக. தூரத்தில் விழுப்புரம் போகிற வண்டி கூவும். அதற்கெல்லாம் மேலே அந்தப் பாஷை. கண்ணுக்கு முன்னால் அச்சில் இருக்கும், அதே வார்த்தை காதில் வந்து விழும், அதையே என் வாயும் முணுமுணுக்கும். புரிந்ததா என்றால், இல்லை. ஆனால் புரியாததுகூடச் சுகமாக இருந்தது. குளத்தில் கழுத்தளவு நிற்கிற மாதிரி, தண்ணீர் நம்மைத் தாங்கிக்கொள்கிற மாதிரி.

சில வாரம் கழித்து ஒன்றைக் கவனித்தேன். மடியில் கிடந்த என் விரல்கள் அசைந்துகொண்டிருந்தன. காதில் விழுகிற இங்கிலீஷை அதுகள் பாட்டுக்குப் புடவை மேலேயே டைப் அடித்துக்கொண்டிருந்தன! எனக்கு உடம்பெல்லாம் சிலிர்த்துவிட்டது. இத்தனை நாள் விரல் ஒரு பக்கம், வாய் ஒரு பக்கம் என்று தனித்தனியாக இருந்ததுகள் ஒன்றையொன்று பார்த்துக்கொண்டன. அதற்குப் பிறகு பாஷை கடகடவென்று உள்ளே வந்தது. ஞாயிறு கேட்டதைத் திங்கள் முழுக்க மனசில் வைத்துக்கொண்டு, சாயந்திரம் கிளை நூலகத்தில் இருந்த கனமான அகராதியில் ஒவ்வொன்றாகப் பார்ப்பேன். பார்த்த வார்த்தையைத் துணி துவைக்கும்போது சொல்லிக்கொண்டே அடிப்பேன். இரக்கத்துக்கு ஒரு அடி, மன்னிப்புக்கு ஒரு அடி, நன்றிக்கு நாலு அடி. மத்தியானத் தூக்கத்தில் இங்கிலீஷில் கனவு வர ஆரம்பித்தது. கனவில் நான் நீளமாகப் பேசுவேன், எல்லோரும் தலையாட்டுவார்கள். என்ன பேசுகிறேன் என்று எனக்கு மட்டும் தெரியாது.

அந்த இங்கிலீஷில் ஒரு விஷயம் என்னை ஆச்சரியப்படுத்தியது. நடுவில் ஒரு கட்டம் வரும். எல்லோரும் தலை குனிந்து, நாங்கள் தப்புப் பண்ணினவர்கள் என்று சேர்ந்து சொல்வார்கள். ஹெட்மிஸ்ட்ரஸ் சொல்வாள், கார்டு சொல்வார், வாசலில் கார் நிறுத்தியிருக்கிற டாக்டர் சொல்வார். எங்கள் குவார்ட்டர்ஸில் யாராவது ஒருத்தர் நான் செய்தது தப்புதான் என்று சொல்லிக் கேட்டிருப்பேனா? தலைபோனாலும் சொல்ல மாட்டோம். இங்கே வாராவாரம், சத்தமாக, ஒருத்தர் பாக்கியில்லாமல்! அப்போது எனக்கு ஒன்று புரிந்தது, அல்லது புரிந்ததாக நினைத்துக்கொண்டேன். இங்கிலீஷில் ஒருத்தர் தன்னைப் பற்றிப் பேசுவது என்றால் இப்படித்தான் பேசுவார்கள். மரியாதை தெரிந்த பாஷை, அதில் பீற்றிக்கொள்ளக் கூடாது, மனசில் இருக்கிறதைத் திறந்து வைத்துவிட வேண்டும். எனக்கு அது ரொம்பப் பிடித்துப்போனது.

வீட்டில் விஷயம் தெரியாமல் இருக்குமா? பக்கத்து வீட்டு அக்கா ஒருநாள் அம்மாவைப் பிடித்துக்கொண்டாள். "இன்னாக்கா, உன் பொண்ணு வாராவாரம் சர்ச்சுக்குப் போய்கினு கீது, உனக்குத் தெரியுமா?"

அம்மா அன்றைக்கு அடுப்பை அணைத்துவிட்டு உட்கார்ந்துவிட்டாள். "மதம் மாறப் போறியாடி?"

"இல்லம்மா. இங்கிலீஷ் கத்துக்கப் போறேன்."

"சாமி கும்புடுற எடத்துல யாருடி இங்கிலீஷ் கத்துக்குவாங்க?"

அப்பா செய்தித்தாளுக்குப் பின்னாலிருந்து சிரித்தார். "விடேன். ஃபீஸ் கிடையாது, ஃபேன் வேற போடுறாங்க." அம்மாவுக்குக் கோபம் ஆறவில்லை. அந்தக் கிருத்திகைக்கே என்னைக் குன்றத்தூருக்கு இழுத்துக்கொண்டு போனாள். மலைப்படியெல்லாம் ஏறி, முருகன் முன்னால் நிறுத்தி, "வேண்டிக்க" என்றாள். கண்ணை மூடினேன். கற்பூர வாசனை, மணிச்சத்தம், பக்கத்தில் அம்மா விசும்புகிற சத்தம். என் வாயில் பொலபொலவென்று வந்தது இங்கிலீஷ்தான். என்ன செய்ய? வேண்டிக்கொள்வதற்கு எனக்கு அவ்வளவு அழகான வார்த்தைகள் தமிழில் இல்லையே. முருகன் கோபித்துக்கொண்ட மாதிரித் தெரியவில்லை. கீழே இறங்கும்போது காற்று நன்றாக அடித்தது. அம்மாவுக்கு நான் கண்ணை மூடி வெகுநேரம் நின்றதிலேயே சந்தோஷம். அதற்கு மேல் அவள் சர்ச்சைப் பற்றி எதுவும் கேட்கவில்லை.

மார்கழியில் ஒரு கடிதம் வந்தது. குரோம்பேட்டை தாண்டி ஒரு ஏற்றுமதிக் கம்பெனி, தோல் பை தைத்து வெளிநாட்டுக்கு அனுப்புகிறவர்கள். முன் அறையில் உட்கார்ந்து டைப் அடிக்கவும் போன் எடுக்கவும் ஒரு பெண் வேண்டும். நேரில் வரச் சொல்லியிருந்தார்கள். இதை விட்டால் தை, தைக்கு அடுத்தது மாசி. அம்மா ஏற்கெனவே கூரைப்புடவை நிறத்தைப் பற்றிப் பக்கத்து வீட்டு அக்காவோடு பேச ஆரம்பித்திருந்தாள்.

இன்டர்வியூ அறையில் இரண்டு பேர் இருந்தார்கள். டை கட்டிய மேனேஜர் ஒருத்தர். முடியைக் குட்டையாக வெட்டிய, கண்ணாடி போட்ட ஒரு மேடம். ஏ.சி. குளிரில் எனக்குப் பல் தந்தியடித்தது. மேனேஜர் காகிதத்தைப் பார்த்துக்கொண்டே இங்கிலீஷில் கேட்டார், உங்களைப் பற்றிச் சொல்லுங்கள்.

புரிந்தது! கேட்ட மாத்திரத்தில், ஒரு வார்த்தை விடாமல் புரிந்தது. உச்சி குளிர்ந்துபோனேன். தன்னைப் பற்றி எப்படிப் பேச வேண்டும் என்றுதான் எனக்குத் தெரியுமே. எழுந்து நின்றேன், தலையைக் குனிந்துகொண்டேன், ஞாயிற்றுக்கிழமைக் குரலில் ஆரம்பித்தேன். நான் பேசிய இங்கிலீஷைத் தமிழில் சொன்னால் இந்தத் தமிழ்தான் வரும்.

"கனம் பொருந்திய ஐயாவே, அம்மாவே, என் குறைகளை உங்களுக்கு முன்பாக அறிக்கையிடுகிறேன். என் நாவு கடுமையானது. குழாயடியில் நான் அயலாருக்கு வழிவிட்டதில்லை. என் தாயிடம் ஸ்பெஷல் கிளாஸ் என்று பொய் சொன்னேன். டைப் அடிக்கும்போது என் இருதயம் வேறெங்கோ அலைந்து திரிகிறது."

மேனேஜரின் பேனா நின்றுவிட்டது. மேடம் நிமிர்ந்து பார்த்தாள். நான் நிறுத்தவில்லை, நிறுத்த முடியவில்லை. வார்த்தைகள் ஒன்றின் கையை ஒன்று பிடித்துக்கொண்டு வரிசையாக வந்துகொண்டே இருந்தன. அந்த அறையில் ஃபேன் இல்லை, ஆனால் எனக்கு க்ரீச் க்ரீச் என்று கேட்டது.

"எனக்கு ஒரு மாமன் உண்டு. அவர் நல்லவர். அவரில் நான் யாதொரு குற்றமும் காணவில்லை. ஆகிலும் அவருக்கு மனைவியாக எனக்கு மனமில்லை. இதை என் தாய்க்கும் சொல்லவில்லை, தகப்பனுக்கும் சொல்லவில்லை. இந்த வேலையை எனக்குத் தந்து என்மேல் இரக்கமாயிருங்கள்."

சொல்லி முடித்தபோது கன்னம் நனைந்திருந்தது. ஆமென் மட்டும்தான் சொல்லவில்லை.

பிறகு அந்த மேடம் தமிழில், சாதாரணத் தமிழில் கேட்டாள். "இங்கிலீஷ் எங்கம்மா படிச்சீங்க?"

"நானேதான் மேடம். சர்ச்சில் கேட்டுக் கேட்டு."

அவளுக்குச் சிரிப்பு வந்தது. அடக்கப் பார்த்து, முடியாமல் சிரித்துவிட்டாள். கெட்ட சிரிப்பு இல்லை. "உங்களைப் போன் எடுக்க வச்சா, பை எங்கடான்னு கேக்கிறவன் அழுதுகிட்டே ஆர்டர் குடுப்பாம்மா. இந்த வேலை உங்களுக்குச் சரிவராது. கொஞ்சம் ஆபீஸ் இங்கிலீஷ் பழகிட்டு வாங்க, பாப்போம்." நான் கதவுப் பக்கம் போகும்போது கூப்பிட்டாள். "அந்த மாமா விஷயத்தை நிஜமாவே வீட்ல யார்கிட்டயும் சொல்லலையா?"

"இல்ல மேடம். உங்ககிட்டதான் முதல்ல சொல்றேன்."

அவள் மேனேஜரைப் பார்த்தாள், மேனேஜர் மேஜையைப் பார்த்தார். நான் வந்துவிட்டேன்.

குரோம்பேட்டை பிளாட்பாரத்தில் என்னை நானே திட்டிக்கொண்டு நின்றேன். சே, என்ன பொண்ணு நான்! வேலை கேட்கப் போன இடத்தில் பாவமன்னிப்புக் கேட்டுவிட்டு வந்திருக்கிறேனே! மாசக்கணக்கில் உட்கார்ந்து கேட்டவளுக்கு, கடவுளிடம் பேசுவது வேறே, கம்பெனியில் பேசுவது வேறே என்று தெரியாமல் போனதே. அழுகையும் சிரிப்புமாக வந்தது. மின்சார வண்டி வந்தது, ஏறினேன், தாம்பரத்தில் எல்லோரும் இறங்கியதுகூடத் தெரியவில்லை. ஜன்னலோரம் அப்படியே உட்கார்ந்திருந்தேன். வண்டி பீச் ஸ்டேஷனுக்குத் திரும்பக் கிளம்பியபோதுதான் விழித்துக்கொண்டு, அடுத்த ஸ்டேஷனான சானடோரியத்தில் இறங்கி, ரோட்டோரமாக வீட்டுக்கு நடக்க ஆரம்பித்தேன்.

மத்தியான வெயில். தலைக்கு மேல் பயிற்சி விமானம் ஒன்று வட்டம் போட்டுக்கொண்டே இருந்தது. நடக்க நடக்க எனக்கு வேலை போனது மறந்துவிட்டது. வேறொன்று வந்து உட்கார்ந்துகொண்டது. அந்த வாக்கியத்தை நான் சொல்லிவிட்டேன்! இத்தனை வருஷம் தொண்டைக்குள்ளேயே கிடந்தது, இரண்டு அந்நியர்கள் முன்னால், ஏ.சி. அறையில் வெளியே வந்துவிட்டது. வானம் இடிந்து விழவில்லை. இங்கிலீஷில் சொல்லத் தெரிந்ததைத் தமிழில் சொல்லத் தெரியாதா? லாரிகளுக்கு நடுவில் வாய்விட்டுச் சொல்லிப் பார்த்தேன். எனக்கு மனமில்லாதிருக்கிறது மாமா. ஐய, நன்றாகவா இருக்கிறது? எனக்கு விருப்பமில்லை மாமா. அது மேடைப் பேச்சு. ஒவ்வொரு துணியாகக் கழற்றுவது போல ஒவ்வொரு வார்த்தையாகக் கழற்றிக்கொண்டே போனேன். வீட்டுத் தெரு வந்தபோது மிச்சம் இருந்தது ரொம்பக் கொஞ்சம்தான்.

வாசலில் மாமாவின் ஸ்கூட்டர் நின்றது. உள்ளே அவர் காபி குடித்துக்கொண்டிருந்தார். அப்பா ஷிஃப்டுக்குப் போயிருந்தார். அம்மா ஓடிவந்தாள். "என்னடி ஆச்சு?"

"கிடைக்கலை."

அம்மாவுக்குச் சந்தோஷத்தை மறைக்கத் தெரியாது. பாவம், முகத்தைச் சோகமாக வைத்துக்கொள்ள எவ்வளவோ பார்த்தாள். "போனாப் போகுது விடு. உனக்கு என்ன தலையெழுத்தா, மாமா இருக்காரு."

மாமா டம்ளரைக் கீழே வைத்துவிட்டு முன்னால் நகர்ந்து உட்கார்ந்தார். எனக்கு வேலை கிடைத்ததா இல்லையா என்பது அவருக்குப் பெரிதாகத் தெரியவில்லை. "பாப்பா, இங்கிலீஷ்லயா கேட்டாங்க?"

"ஆமா மாமா."

"நீயும் இங்கிலீஷ்லயே பேசுனியா?"

"பேசுனேன்."

"அக்கா, கேட்டியா? நம்ம வூட்டுப் பொண்ணு இங்கிலீஷ்ல பேசிட்டு வந்திருக்கு." அவர் முகம் மலர்ந்துபோயிருந்தது. என்னிடம் அவ்வளவு ஆசையாக அவர் எதையும் கேட்டதே இல்லை. "என்னா பேசுன? கொஞ்சம் பேசிக் காட்டேன், கேப்போம்."

நான் நின்ற இடத்திலேயே நின்று, மறுபடி தலையைக் குனிந்துகொண்டு பேசினேன். எனக்கு ஒரு மாமன் உண்டு, அவர் நல்லவர், ஆகிலும் எனக்கு மனமில்லை என்று, முதலிலிருந்து கடைசி வரை, இங்கிலீஷில். மாமா கண்ணைக் கொட்டாமல் பார்த்துக்கொண்டிருந்தார். கச்சேரி கேட்கிறவர் மாதிரி மெள்ளத் தலையாட்டினார். ஒரு வார்த்தைகூட அவருக்குப் புரியவில்லை. நான் முடித்ததும் அம்மாவைப் பார்த்து, "சும்மா சொல்லக் கூடாதுக்கா, சூப்பரா பேசுது" என்றார். அவர் கண் கலங்கியிருந்தது, பெருமையில்.

என்னால் அதைத் தாங்க முடியவில்லை. அப்படியே விட்டிருக்கலாம். அவர் சந்தோஷமாகக் கூடுவாஞ்சேரி போய் எல்லோரிடமும் சொல்லியிருப்பார்.

"அர்த்தம் என்னா பாப்பா?" என்றார்.

"எனக்கு உங்களக் கட்டிக்க வேணாம் மாமா."

அம்மாவின் கையிலிருந்த தட்டு தரையில் விழுந்து சுற்றிச் சுற்றி நின்றது. அம்மா வாயைப் பொத்திக்கொண்டு சமையலறைக்குள் போய்விட்டாள். மாமா என்னையே பார்த்தார். முகத்தில் அந்தச் சிரிப்பு இன்னும் போகாமல், எங்கே போவது என்று தெரியாமல் நின்றுகொண்டிருந்தது.

"இதச் சொல்றதுக்கா இவ்ளோ இங்கிலீஷ் படிச்ச?" என்றார். குரலில் கோபமே இல்லை. "எங்கிட்ட தமிழ்லயே சொல்லியிருக்கலாமே பாப்பா."

அவர் எழுந்து, சமையலறைப் பக்கம் பார்த்து, "அக்கா, அதத் திட்டாத" என்று சொல்லிவிட்டுச் செருப்பைப் போட்டுக்கொண்டார். வேண்டாம் என்று சொன்ன பிறகுதான் அந்த மனுஷர் மேல் எனக்குப் பிரியம் வந்தது. வந்து என்ன? வாசல்படியில் போய் நின்றேன். அவர் ஸ்கூட்டரை உதைத்துக்கொண்டே இருந்தார், அது கிளம்பவில்லை. சீக்கிரம் கிளம்பிவிடாதா என்றும் இருந்தது, கிளம்பவே கூடாது என்றும் இருந்தது. அவர் ஒரு தடவையும் திரும்பிப் பார்க்கவில்லை. கடைசியில் அதைத் தள்ளிக்கொண்டே தெருமுனை வரைக்கும் நடந்து போனார்.